மே மாத லீவும் வேலைக்குப் போகும் பெற்றோரும்: உங்கள் வீட்டில் எப்படி?

பெரம்பூர் அம்மா:

முழுப்பரீட்சை முடிய இன்னும் சில நாள்தான். பிள்ளைகள் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் வயிற்றில் புளி கரைக்கிறது. எல்லா வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்கத்தான் இந்த இழை.

எனக்கு வங்கியில் கவுன்ட்டர் வேலை. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட். பெண் நாலாவது முடிக்கிறாள், பையன் யு.கே.ஜி. முடித்து ஒன்றாவது போகப் போகிறான். ஜூனிலிருந்து ஏப்ரல் வரை நான் பிள்ளைகளிடம் பேசுவதெல்லாம் கட்டளைதான். எழுந்திரு, பல் தேய், சீக்கிரம் முழுங்கு, ஷூ எங்கே, வேன் வந்தாச்சு. சாயங்காலம் ஆனால் டைரியை எடு, எழுது, படு. அவள் பள்ளியில் அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று எனக்குச் சொல்வது டிபன் டப்பாதான். பருப்பு சாதத்தை ஓரத்தில் மட்டும் கிளறிவிட்டு, உருளைக்கிழங்கைக்கூடத் தொடாமல் கொண்டுவந்திருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. கேட்டால் "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். மேற்கொண்டு கேட்பதற்குள் ஹோம்வொர்க் நேரம் வந்துவிடும்.

மே மாதத்தில்தான் இந்தக் கட்டளை ஓய்கிறது. போன கோடையில் ஒரு ராத்திரி கரண்ட் போய், மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். பெரம்பூரில் ரயில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. பையன் கண்ணை மூடிக்கொண்டே இது சரக்கு வண்டி, இது மின்சார ரயில், இது நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் என்று வரிசையாகச் சொன்னான். கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. எத்தனை நாளாக இப்படிக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தானோ! அந்த ராத்திரியில்தான் பெண்ணும் வாய் திறந்தாள். நெருங்கிய தோழி அரையாண்டு லீவுக்கு அப்புறம் வேறு பள்ளிக்குப் போய்விட்டாளாம். இன்டர்வெல்லில் யாரோடு போய் நிற்பது என்று தெரியாமல் பல நாள் தண்ணீர்க் குழாய் பக்கமே நின்றிருக்கிறாள். ஜனவரியில் நடந்தது எனக்கு மே மாதத்தில்தான் தெரிகிறது.

ஆக, என் பிள்ளைகளை நான் தெரிந்துகொள்ளக் கிடைக்கிற மாதம் இது ஒன்றுதான். அந்த மாதத்தில்தான் அவர்களை யாரிடம் விடுவது என்று அலைகிறேன். மாமியாருக்கு முழங்கால் வலி, இரண்டு பேர் பின்னாலும் ஓட முடியாது. சம்மர் கேம்ப் விசாரித்தால் பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடிகிறது. கத்திரி வெயிலில் ஒரு மணிக்கு யார் போய்க் கூட்டிக்கொண்டு வருவது?

லீவைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். மாற வேண்டியது நாம் வேலை பார்க்கும் இடம் என்பது என் எண்ணம். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வேளச்சேரி அப்பா:

தோழி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு மனைவிக்கும் அனுப்பினேன். டப்பா விஷயம் எங்கள் வீட்டிலும் அப்படியே.

ஆனால் லீவைப் பற்றி எனக்கு வேறு கருத்து. எங்கள் பையன் சி.பி.எஸ்.இ. அவர்களுக்கு ஏப்ரலிலேயே புது வகுப்பு ஆரம்பித்துவிடும். புதுப் புத்தகம் வாங்கி, அட்டை போட்டு, புது டீச்சர் பெயர் மனதில் பதிவதற்குள் மே லீவு வந்துவிடுகிறது. ஜூனில் திரும்பப் போனால் முதலிலிருந்து ஆரம்பம். ஏழாவது படிக்கிற பையன் பின்னக் கணக்கை மறந்துவிட்டு நிற்கிறான். ஐந்து, ஆறு வாரம் ஒரே மூச்சாக விடுவதற்குப் பதில், அதைப் பிரித்து செப்டம்பரில் கொஞ்சம், டிசம்பரில் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கும் நல்லது, நமக்கும் அலுவலகத்தில் லீவு கேட்க வசதி.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வசதி எனக்கு வாரத்தில் சில நாள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வரம். உள்ளே கதை வேறு. மீட்டிங் ஓடும்போது பையன் கதவைத் திறந்து, நான் ஹெட்போனோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவான். அவன் வந்து தொந்தரவு செய்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

தென்காசிக்காரன்:

வேளச்சேரி சார், பிரித்துக் கொடுத்தால் ஊருக்குப் போவது எப்படி? செப்டம்பரில் கிடைக்கிற சில நாளில் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி போனால் மிச்சம் என்ன?

நாங்கள் பிள்ளைகளைப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வருகிற குடும்பம். ரயில் முன்பதிவு முன்பெல்லாம் பயணத்துக்கு 120 நாளுக்கு முன் திறந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள். மே முதல் வாரம் போக வேண்டுமானால் மார்ச் முதல் வாரத்தில் காலை எட்டு மணிக்குக் கையில் போனோடு உட்கார வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறை உண்டு. குற்றாலத்தில் சீசன் தொடங்குவதே தென்மேற்குப் பருவமழை வந்த பிறகு, ஜூனில். அந்த நேரம் இவர்கள் இங்கே புது யூனிபார்ம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். மே மாதம் போனால் அருவியில் பாறைதான் தெரியும். நான் சின்ன வயதில் ஊரிலேயே படித்தவன். சாரல் அடிக்கும்போது பள்ளிக்கூடச் சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்போம். என் பிள்ளைகள் தாத்தா வீட்டுக்கு வருஷா வருஷம் போகிறார்கள், ஆனாலும் அந்தச் சாரலைப் பார்த்ததில்லை. இதைச் சரிசெய்ய என்னிடம் வழியில்லை.

அப்புறம், பிள்ளைகள் ஊருக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வாசலில் செருப்பு ஒழுங்காக இருக்கும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

தண்டையார்பேட்டை தையல்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நானும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், மாநகராட்சிப் பள்ளி. பெரியவள் ஐந்தாவது, சின்னவள் இரண்டாவது. பள்ளி நாளில் காலையில் அங்கேயே டிபன். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. மதியம் முட்டையோடு சாப்பாடு. நான் ராத்திரிக்கு மட்டும் சமைத்தால் போதும். காலையில் அடுப்பு மூட்டாமல் நேராக மெஷினில் உட்காரலாம்.

லீவு விட்டால் அந்த இரண்டு வேளையும் என் தலையில். காஸ் ஒரு மாதம் முழுக்க வருவது இல்லை. முட்டை விலை எல்லோருக்கும் தெரியும். எனக்கு மே மாதம்தான் வேலை அதிகம். தனியார் பள்ளி யூனிபார்ம் எல்லாம் அப்போதுதான் தைக்க வரும். ஜூன் முதல் வாரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கும்போது என் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா பசிக்குது" என்பார்கள். பெரியவள் பட்டன் தைப்பாள், நன்றாகவே தைப்பாள். சின்னவள் காஜா போட்ட துணியை எண்ணி அடுக்குவாள். அந்த நேரத்தில் மூன்று பேரும் பேசிக்கொண்டே வேலை செய்வோம். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் பள்ளி எப்போது திறக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் வீட்டில் இருப்பது பிடிக்காமல் இல்லை, சாப்பாட்டுக்காக.

போன வருஷமும் முந்தின வருஷமும் பெரியவள் ஐஸ்க்ரீம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ராயபுரம் டீச்சர்:

தண்டையார்பேட்டை அம்மா எழுதியதைத் தாண்டி என்னால் அடுத்த பதிவுக்குப் போக முடியவில்லை.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாடு போடுவது சென்னைக்குப் பழைய வழக்கம். 1920-லேயே தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்தார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. எங்களைப் போல நகரத்தில் இருக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில்தான் கிடைத்தது. அது வந்த பிறகு முதல் பீரியடில் மேஜையில் தலை சாய்க்கிற பிள்ளைகள் குறைந்ததை என் கண்ணால் பார்க்கிறேன்.

பசியைப் புரிந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்த ஊர், மே மாதத்தை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? சமையல்கூடம் இருக்கிறது. வகுப்பு நடத்த வேண்டாம், மணி அடிக்க வேண்டாம். விருப்பப்பட்ட பிள்ளைகள் வந்து சாப்பிட்டுவிட்டு, நிழலில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போகட்டும். பெரம்பூர் அம்மா கேட்கிற கேள்விக்கும் இது ஓரளவு பதிலாகும். நூலகம், விளையாட்டுத் திடல், சாப்பாடு மூன்றும் ஒரே வளாகத்தில் பகல் முழுக்கத் திறந்திருந்தால் எத்தனை பெற்றோர் நிம்மதியாக வேலைக்குப் போவார்கள்!

ஆசிரியர்களுக்கு ஒன்றரை மாதம் சும்மா சம்பளம் என்று சொல்கிறவர்களும் உண்டு. விடைத்தாள் திருத்தம், பயிற்சி, மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போவது, தேர்தல் ஆண்டானால் தேர்தல் பணி. என் சொந்தப் பிள்ளையோடு இருப்பதும் அந்த மிச்ச நாட்களில்தான். எனக்கும் அந்த லீவு வேண்டும்.

பெரம்பூர் அம்மா:

தண்டையார்பேட்டை அக்கா, உங்கள் பெரிய பெண்ணைப் பற்றிய கடைசி வரியைப் படித்துவிட்டு நிறைய நேரம் அப்படியே இருந்தேன். நான் எழுதியது அரை நாள் கேம்ப் பற்றி. நீங்கள் எழுதியது அதைவிட முன்னால் பேச வேண்டியது. டீச்சர் சொன்ன யோசனைதான் இந்த இழையிலேயே எனக்கு மிகச் சரியாகப் பட்டது.

வேளச்சேரி சார், லீவைத் துண்டு போடும் யோசனைக்கு நான் வரமாட்டேன். சென்னையில் மே மாதத்தில் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்க முடியுமா? ஜூனே முடியவில்லை. 2023-ல் வெயிலுக்காக இரண்டு தடவை தள்ளிவைத்து, பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு 14 என்று திறந்தார்கள். 2024-லும் ஆறாம் தேதி என்றது பத்தாம் தேதி ஆனது. மதியம் கடல் காற்று உள்ளே வந்தால் தப்பித்தோம். மேற்கிலிருந்து வருகிற அனல் காற்று அதைத் தடுத்துவிட்டால் அவ்வளவுதான். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ல், பள்ளி திறக்கிற வாசலில்.

அப்புறம், பின்னக் கணக்கு திரும்ப வந்துவிடும் சார். பையன் ஏழாவதில் இருக்கிறான். இன்னும் சில வருஷத்தில் அவன் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவே மாட்டான்.

வேளச்சேரி அப்பா:

கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கை நானே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

பத்தாவது அம்மா:

எங்கள் வீட்டில் இந்த வருஷம் லீவே இல்லை. பையன் ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிறான். கோடையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் மே மாதம் ஸ்பெஷல் கிளாஸ் என்று பள்ளியிலிருந்து மெசேஜ் வந்துவிட்டது.

இவன் கதையைக் கேளுங்கள். 2020 மார்ச்சில் பள்ளி மூடும்போது மூன்றாவது. ஒன்றிலிருந்து எட்டு வரை 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தார்கள். மூன்றாவதில் வீட்டுக்கு வந்தவன் ஐந்தாவதில் திரும்பப் போனான். நாலாவது முழுக்க என் பழைய போனில். வீடியோவை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பான். அந்த நாட்களில் பள்ளி மட்டும் திறந்தால் போதும் என்று வேண்டாத கோயில் இல்லை. திறந்த அன்றைக்கு ஷூ பத்தாமல் போய்விட்டது, கால் அவ்வளவு வளர்ந்திருந்தது. செருப்போடு அனுப்பினேன்.

அதனால் பள்ளியை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளி இருக்கிற வாழ்க்கை எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால் மே மாதத்தையும் அதுவே எடுத்துக்கொண்டால் நியாயமா? இந்த வருஷம் பாட்டி வீட்டுக்குப் பத்து நாளாவது அனுப்பியே தீருவேன் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

வந்தவாசிப் பாட்டி:

பேத்தி சொல்லிக் கொடுத்து இதில் படிக்கிறேன், எழுதுவதும் அவள்தான். பத்தாவது அம்மா, நன்றாகச் செய்தாய் தாயே. அனுப்பு.

பேரப்பிள்ளைகள் வந்தால் எங்களுக்கு வேலை கூடும், அது உண்மை. நாள் முழுக்க நாலு பேருக்குச் சோறு, துணி, சண்டை விலக்கு. ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுப்பேன். அதற்காக அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை விட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறாமல் நீங்களும் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள். எனக்கு என் பிள்ளையையும் பார்க்க வேண்டும்.

ஆவடி மத்திய அரசு:

வேலை பார்க்கும் இடம் மாற வேண்டும் என்று பெரம்பூர் தோழி சொன்னது நடக்காத காரியம் இல்லை. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் உண்டு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 18 வயது வரை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் உண்டு. நான் மே மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறேன். மேலதிகாரி ஒப்புதல் வேண்டும், கேட்டவுடன் கிடைத்துவிடாது. இருந்தாலும் கேட்க ஒரு விதி இருக்கிறது.

தனியாரில் அப்படி இல்லை. 2017-ல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று வைத்தார்கள். அது சின்னக் குழந்தைகளை நினைத்து எழுதியது. ஒன்பது வயதுப் பெண்ணைக் காப்பகத்தில் விட முடியுமா? தனியாக வீட்டில் விடத்தான் முடியுமா? இந்த நடு வயதுப் பிள்ளைகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பையனுக்கு ரயில் பிடிக்கும் என்றீர்களே, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்து ரயில் அருங்காட்சியகம் உங்களுக்கு எட்டும் தூரம்தானே?

பெரம்பூர் அம்மா:

அங்கே இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் அவனுக்கு மனப்பாடம்! இந்தக் கோடையில் வேறு இடம் பார்க்க வேண்டும். பெண் புத்தகம் கேட்கிறாள்.

ராயபுரம் டீச்சர்:

அப்படியானால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி, நடுவில் பெரிய செயற்கை மரம். குளுகுளு வசதி உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. பிர்லா கோளரங்கமும் அந்தப் பக்கம்தான். பெரம்பூரிலிருந்து தூரம் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம், அதை ஒட்டியே கன்னிமாரா நூலகம். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

எங்கே போனாலும் வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விடுங்கள். சாயங்காலம் வெளியே வந்தால் போதும்.

பெரம்பூர் அம்மா:

நன்றி டீச்சர். மேனேஜரிடம் பேசிவிட்டேன். மே இரண்டாவது வாரம் முழுக்க எனக்கு லீவு, அதற்கு அடுத்த வாரம் கணவருக்கு இரவு ஷிப்ட், பகலில் அவர் வீட்டில். முதல் வாரம் என் அம்மா ஊரிலிருந்து வருகிறாள். கடைசி வாரம்தான் இன்னும் காலியாக நிற்கிறது.

தண்டையார்பேட்டை அக்கா, ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குக் கிளம்பும்போது உங்கள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போகலாமா? பெரியவளும் என் பெண்ணும் ஏறக்குறைய ஒரே வயது. மதியச் சாப்பாடு என் பொறுப்பு. நீங்கள் அன்றைக்கு யூனிபார்ம் தைத்து முடிக்கலாம்.

தண்டையார்பேட்டை தையல்:

பிள்ளைகளிடம் கேட்டேன். சின்னவள் இப்போதே எந்த கவுன் என்று எடுத்து வைத்துவிட்டாள். அனுப்புகிறேன் தங்கச்சி. மே முதல் சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு ஒரு பெரிய ஆர்டர் கொடுக்க வேண்டும், பெரியவள் பட்டனுக்கு வேண்டும். இரண்டாவது சனிக்கிழமை சரிப்படுமா?

பெரம்பூர் அம்மா:

சரி அக்கா, இரண்டாவது சனிக்கிழமை. தனிச்செய்தியில் நேரம் சொல்கிறேன். கடைசி வாரத்துக்கு பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு நாள் உங்கள் வீடு, ஒரு நாள் எங்கள் வீடு என்று பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

கொளத்தூர் அண்ணி:

நான் இருக்கிறேன். ஒரே பையன், இரண்டாவது படிக்கிறான், ரயில் பைத்தியம். செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலை இல்லாத நாள்.